வள்ளுவர், தி. (ஆண்டு இல்லை): துணைநூற்பட்டியலில் காற்புள்ளியின் ஆட்சி குறித்து ஓர் ஆய்வு

ஏரிப் பாசனம் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்று, மூன்று ஆங்கில ஆய்விதழ்களின் வாசல்வரை போய்த் திரும்பி, நான்காவதில் ஏற்கப்பட்டது. மெய்ப்புப் படியோடு நாற்பத்தொரு கேள்விகள் வந்தன. ஏரியைப் பற்றி இரண்டு: மதகும் தூம்பும் ஒன்றா என்று ஒன்று, மூன்றாம் படம் மங்கலாக இருக்கிறது என்று மற்றொன்று. மீதி முப்பத்தொன்பதும் கட்டுரையின் வாலில் தொங்கும் துணைநூற்பட்டியலைப் பற்றியவை. பதினேழாம் கேள்வி இது: 'வள்ளுவர், தி.' என்ற ஆசிரியரின் நூல் வெளியான ஆண்டு தரப்படவில்லை, தரவும், 'தி.' என்பதன் விரிவையும் சரிபார்க்கவும்.

பிழை என்னுடையது. மேற்கோள்களைத் தானே அடுக்கித் தரும் மென்பொருளில் பெயரைத் தட்டும்போது, 'திரு' முடிந்ததும் கட்டைவிரல் இடைவெளிப் பட்டையில் பட்டுவிட்டது. மென்பொருளுக்கு அது போதும். திரு முதற்பெயர், வள்ளுவர் குடும்பப்பெயர் என்று தீர்மானித்து, முதற்பெயரை ஓர் எழுத்தாக நறுக்கிப் பின்னே ஒரு புள்ளியும் வைத்துவிட்டது. வள்ளுவரின் ஊர், காலம், சமயம், குலம் என எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டு முடித்துவிட்டோம். அவருடைய இனிஷியல் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஒரு நிமிடத்தில் திருத்தி அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் யோசிக்க உட்கார்ந்ததன் விளைவு இந்த ஆய்வு.

ஆய்வெல்லையை முதலில் வரையறுப்பது மரபு. ஆய்விதழுக்குப் போகும் கட்டுரையின் கடைசியில் வரும் துணைநூற்பட்டியல், அதற்கு வழிகாட்டும் உள்மேற்கோள்கள், அவற்றில் பயிலும் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து, அடைப்புக்குறி ஆகியவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படும். கட்டுரையின் உடற்பகுதி ஆய்வெல்லைக்குள் வராது. என்னை? அதைப் படித்தவர் போதிய எண்ணிக்கையில் அகப்படாமையின் என்க.

கருதுகோள் ஒன்றே: ஓர் ஆய்வுக் கட்டுரை மெய்யா பொய்யா என்பது அது சொல்லும் செய்தியைப் பொறுத்ததன்று, ஆண்டுக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடியவர்கள் நாம். ஆகவே மேற்கோள் மரபுகளின் சண்டை தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். அங்கே நாமத்துக்குப் பாதம் உண்டா என்பது கேள்வி. இங்கே ஆண்டு ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலா, வரியின் கடைசியிலா என்பது கேள்வி.

ஏ.பி.ஏ. எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மரபு 1929இல், ஓர் இதழில் வந்த ஏழு பக்கக் குறிப்பாகப் பிறந்தது. 2019இல் வந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. எழுதியவர்கள் மனித மனத்தை ஆராய்பவர்கள் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் பல விதிகள் பிடிபடும். ஒரு கட்டுரைக்கு இருபது ஆசிரியர்கள் இருந்தால் இருபது பேரையும் எழுத வேண்டும். இருபத்தொன்று ஆகிவிட்டால் முதல் பத்தொன்பது பேரை எழுதி, மூன்று புள்ளி வைத்து, கடைசி ஆளை எழுத வேண்டும். இடையில் உள்ளவர்கள் அந்த மூன்று புள்ளிக்குள் குடியிருப்பார்கள். ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். முப்பத்து மூன்று பக்கத்தில் ஒன்பது பக்கம் கட்டுரை, இருபத்து நான்கு பக்கம் அவர்கள் பெயர்களும் நிறுவனங்களும். விதிப்படி இதை எழுதினால் மூன்று புள்ளிக்குள் 5,134 பேர் அடைபடுவார்கள். புள்ளிக்கு 1,711 பேர், ஒருவர் மட்டும் படிக்கட்டில் தொங்கி வர வேண்டும்.

இதே சங்கம் 2009இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டபோது முதல் அச்சில் பிழைகள் மலிந்துவிட்டன. பிழையில்லாமல் எழுதச் சொல்லித் தரும் நூலில், மாதிரிகளிலேயே பிழை. காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட்டதில், திருத்திய படியை மாற்றிக் கொடுத்தார்கள். ஆய்வு மாணவர் வரலாற்றில் இதைவிட ஆனந்தமான நாள் இருந்திருக்க முடியாது.

ஹார்வர்ட் மரபின் பிறப்பு இன்னும் உருக்கமானது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்துக்கு அந்தப் பெயர். கேட்டால் ஏதோ ஆட்சிமன்றக் குழு கூடித் தீர்மானம் போட்டதுபோல் தோன்றும். 1988இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒருவர் துப்பறிந்து எழுதியபடி, இதன் மூலம் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்ட் விலங்கியலார் 1881இல் வெளியிட்ட கட்டுரை. அதன் பொருள், ஓடில்லாத நத்தையின் முட்டை எப்படி முதிர்ந்து, கருவுற்று, பிளவுபடுகிறது என்பது. அந்த நத்தை ஊர்ந்த ஈரத் தடத்தில்தான் இன்றும் முனைவர் பட்ட மாணவர்கள் அடைப்புக்குறி போட்டுக்கொண்டு போகிறார்கள். வேகமும் ஏறத்தாழ அதுவே. ஹார்வர்ட் முறைக்கென்று ஒரு தலைமைக் கையேடு கிடையாது. ஊருக்கு ஊர் முனியாண்டி விலாஸ் இருப்பதுபோல ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு ஹார்வர்ட் வைத்திருக்கிறது.

மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி உண்டாக்கியது எண் மரபு. இதில் கட்டுரைக்குள் ஆசிரியருக்குப் பெயரே இல்லை. ரேஷன் கடை டோக்கன்போல ஒரு நம்பர். நடுவில் ஒரு நூலைச் செருகினால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓரடி நகர வேண்டும். இவை தவிர, 1906இல் தொடங்கிய சிகாகோ மரபு உண்டு. அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் மரபும் உண்டு. அதன் சுருக்கப் பெயர் எம்.எல்.ஏ. ஒருநாள் தொலைபேசியில் சக ஆய்வாளரிடம், "எம்.எல்.ஏ. ஒத்துக்க மாட்டார், ஆண்டைக் கடைசிக்குத் தள்ளணும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட அப்பா, "நம்ம தொகுதிக்காரரா? அவர்கிட்ட ஏன்டா போய் மாட்டிக்கிட்ட?" என்றார்.

மேற்கோள் மென்பொருள்களுக்கான பொதுக் களஞ்சியத்தில் இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாணிகள் உள்ளன. அவற்றில் பல, பெயர் மட்டும் மாறிய ஒரே பாணி. மீதியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு ஒரு புள்ளி, ஒரு சாய்வு. பத்தாயிரம் இதழாசிரியர்கள் தனித்தனியே உட்கார்ந்து, தொகுதி எண்ணுக்குப் பின் இடைவெளி விடலாமா என்று கன்னத்தில் கை வைத்து யோசித்த காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். நெஞ்சு நெகிழ்கிறது.

என் ஏரிக் கட்டுரை இந்த மரபுகளில் மூன்றைத் தீண்டியது. முதல் இதழ் ஆசிரியர்-ஆண்டு கேட்டது. ஐந்து மாதம் கழித்து, எங்கள் வாசகர்களுக்கு ஏரியில் ஆர்வமில்லை என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது அடிக்குறிப்புக் கேட்டது. மூன்றாவது எண் கேட்டது. நான்காவது மறுபடியும் ஆசிரியர்-ஆண்டு. ஆனால் பட்டியலில் ஆண்டுக்கு அடைப்புக்குறி கூடாது. இந்த நான்கு பயணத்திலும் ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடவோ குறையவோ இல்லை.

2019இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேரிடம் விசாரித்து, ஒரு கட்டுரையை இதழ் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவர 14 மணி நேரமும், ஓர் ஆய்வாளருக்கு ஆண்டொன்றுக்கு 52 மணி நேரமும் செலவாவதாகக் கணக்கிட்டது. வாரம் ஒரு மணி நேரம் என்று வருகிறது. பக்தியுள்ளவர் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்வரும் நேரம் அது. அந்த ஆய்வை வெளியிட்ட இதழுக்கும் ஒரு மேற்கோள் பாணி உண்டு. எழுதியவர்கள் அதற்கேற்பத் தங்கள் பட்டியலையும் திருத்தித்தான் அனுப்பியிருப்பார்கள். இந்த அவலத்தைக் கண்டு இரங்கிய இதழ்களும் இருக்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் பயாலஜி அண்ட் மெடிசின் என்ற இதழ் 2011இல், முதல் தடவை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஏற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. நியாயமான யோசனை. அதனாலேயே நான் அனுப்பிய நான்கு இதழ்களில் ஒன்றுகூட இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

தமிழ் ஆய்வேடுகளின் உலகில் இந்தச் சாத்திரத்தின் பெரும்புலமை பேராசிரியர்களிடம் இல்லை, பல்கலைக்கழக வாசலில் உள்ள டைப்பிங் சென்டரில் இருக்கிறது. ஸ்பைரல் பைண்டிங் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு எந்த நெறியாளருக்கு எது ஆகாது என்பது அத்துப்படி. "இவருக்கு 'மேலது' புடிக்காது சார். 'மேற்படி'ன்னு போட்டாத்தான் கையெழுத்துப் போடுவாரு" என்பார். "அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம்னா 'ப.', ரெண்டு பக்கம்னா 'பக்.' மாத்திப் போட்டா ஆய்வேட்டையே தொடமாட்டாங்க." மேற்படி என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் நினைவுக்கு வரும். மேற்படி நூலின் மேற்படி பக்கத்தில், வடக்கே கால்வாய், தெற்கே மேற்படியார் தென்னந்தோப்பு. ஆனாலும் அக்கா சொன்னபடி செய்தவர் யாரும் வாய்மொழித் தேர்வில் தோற்றதாகத் தகவல் இல்லை.

இனி ஆய்வின் கருவறைக்கு வருவோம். அது பெயர்.

உலகத்தில் பிறந்த எல்லாருக்கும் ஒரு முதற்பெயரும் ஒரு குடும்பப்பெயரும் உண்டு என்பது மேற்கோள் சாத்திரத்தின் வேதவாக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான். முன்னால் அப்பாவின் முதலெழுத்து நிற்கும். சிலருக்கு அதற்கும் முன்னால் ஊர் நிற்கும். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரை விரித்தால் மான்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதன். ஊர், அப்பா, ஆள் என்று ஒரு தபால் முகவரியே அதில் அடங்கியிருக்கிறது. ஆய்விதழின் இணையப் படிவமோ, குடும்பப்பெயர் என்ற பெட்டியைச் சிவப்பு நட்சத்திரத்தோடு நீட்டும். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நம்மவர் வேறு வழியின்றி அப்பாவைத் தூக்கிப் பெட்டிக்குள் போடுவார். அதன்பின் பட்டியலில் முழுதாக நிற்பது குடும்பப்பெயர். ஓர் எழுத்தாகக் குறுகுவது சொந்தப் பெயர். வீட்டில் அப்பா இனிஷியல், மகன் ஆள். ஆய்விதழில் அப்பா ஆள், மகன் இனிஷியல்.

வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இதில் தப்பினார். அப்பாவின் பெயரை முன்னால் விரித்து எழுதியதால் அது முதற்பெயர்போல் ஒதுங்கிக்கொண்டது; 'சந்திரசேகர், எஸ்.' என்று அவரே நின்றார். 1983இல் நோபல் பரிசும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. பெட்டி மட்டும் மாறியிருந்தால், விண்மீன்களின் நிறைக்கு ரயில்வே தணிக்கைத் துறையில் வேலை பார்த்த அவர் தந்தை எல்லை வகுத்தார் என்று இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அதிலும் ஒரு பொருத்தம் இருந்திருக்கும். கணக்கில் எல்லை மீறினால் கண்டுபிடிப்பதுதானே தணிக்கையாளர் வேலை.

நான் தப்பவில்லை. என் அப்பா எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு மளிகைக் கடை வைத்தவர். ஆய்வுத் தரவுத்தளத்தின்படி அவருக்கு நான்கு கட்டுரைகள். எச்-குறியீடு இரண்டு, அதாவது அவருடைய இரண்டு கட்டுரைகளையாவது தலா இரண்டு பேராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து ஒருவர் தம் கட்டுரையில், ஏரிகளின் அழிவு குறித்து அப்பா முன்வைக்கும் வாதம் ஏற்கத்தக்கதன்று என்று எழுதியிருந்தார். திரையைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அப்பா கல்லாப்பெட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்டா, நான் எழுதாததையெல்லாம் என் பேர்ல போட்டிருக்கியா?"

"போட்டது நான் இல்லப்பா, கம்ப்யூட்டர்."

"இதுக்குப் பணம் ஏதாவது வருதா?"

"வராதுப்பா. சில எதழ்ல நாமதான் கட்டணும்."

"அப்ப சரி. ஜி.எஸ்.டி.காரன் வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்க." கொஞ்சம் கழித்து, "அந்த ஸ்வீடன்காரன் ஏரியைப் பாத்திருக்கானா?" என்றும் கேட்டார். சக வல்லுநர் மதிப்பாய்வில் எனக்கு இதுவரை கிடைத்த கேள்விகளில் இதுவே தலையானது.

இந்தத் துயரம் மனித இனத்தோடு நிற்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், 1975இல் தனியாக எழுதிய ஒரு கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஒரே ஆசிரியர் 'நாங்கள்' என்று எழுதுவது ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழுக்கு ஆகாது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். கட்டுரையோ தட்டச்சுப் பொறியில் அடித்து முடித்தது. எல்லாவற்றையும் மறுபடி அடிக்கச் சோம்பிய அவர், வீட்டுப் பூனை செஸ்டரை இரண்டாம் ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பூனையின் பெயரோடு வெளிவந்தது. எஃப்.டி. என்பது வீட்டுப் பூனைக்கான இலத்தீன் பெயர், சி. என்பது செஸ்டர். வில்லார்ட் யார் எனின், செஸ்டரின் அப்பா. பூனைக்கும் சொந்தப் பெயர் இனிஷியலாகி, குடும்பப்பெயர்ப் பெட்டியில் தகப்பன் பூனை போய் உட்கார்ந்துகொண்டது. இதற்குமேல் இந்த இயலில் நிறுவ ஒன்றுமில்லை.

பெயரைக் கடந்தால் நூல் வரும். அங்கே எழுத்துக்கூட்டு என்ற ஆழம் காத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் தந்தவர்களில் மூவரை எடுத்துக்கொள்வோம். 1939இல் வி.ஆர். ராமச்சந்திர தீட்சிதர் நூற்பெயரை எஸ் என்ற எழுத்தில் தொடங்கினார். 1965இல் அலேன் தனியேலு அந்த எஸ்ஸோடு ஹெச்சும் சேர்த்தார். 1993இல் ஆர். பார்த்தசாரதி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் வழிவந்த முறையில் சி என்ற எழுத்துக்கு மாறினார். அகர வரிசைப்படி அடுக்கினால் ஒரே காப்பியம் பட்டியலில் மூன்று இடத்தில் உட்காரும். கண்ணகி ஓரிடத்தில், கோவலன் இன்னோரிடத்தில், சிலம்பு மூன்றாவதில். இவர்கள் புகாரைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள்.

ஆண்டின் கதை வேறு. பழைய தமிழ் அச்சுநூல்களின் முகப்பில் 'பார்த்திப வருஷம்', 'விய வருஷம்' என்று இருக்கும். படிவத்தின் பெட்டியோ நான்கு இலக்கம் கேட்கும். பார்த்திப வருஷம் 1885இலும் தொடங்கியது, 1945இலும் தொடங்கியது, 2005இலும் தொடங்கியது. எதைப் போடுவது? அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் காலத்தில் வாழ்ந்தவர்கள், எப்படியும் மறுபடி வரும் என்ற தைரியத்தில் எண்ணைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். வெளியீட்டு இடமும் நெடுங்காலம் தொல்லை கொடுத்தது. முகப்பில் மதராஸ் என்று இருக்கும் பழைய நூலுக்குச் சென்னை என்று போடலாமா என்று ஒரு மாலை முழுக்க இரண்டு பேராசிரியர்கள் வாதிட்டதைக் கேட்டிருக்கிறேன். ஊர் 1996இல் பெயர் மாறியது, நூல் மாறவில்லையே என்பது ஒருவர் கட்சி. 2019இல் ஏ.பி.ஏ. இடமே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. 2024இல் சிகாகோவும் அதே வழிக்கு வந்துவிட்டது. இருவரும் இப்போது வேறு பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மேற்கத்திய மரபு நமக்கு உதவுகிறது. ஔவையார் ஒருவரல்லர், வெவ்வேறு காலத்தில் பலர் இருந்தனர் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் முடிவு. ஆகவே பட்டியலில் 'ஔவையார் மற்றும் பலர்' என்று எழுதலாம். விதிக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும்.

தமிழில் மேற்கோள் மரபே இல்லையா என்று கேட்பார் உளர். அற்றன்று. தொல்காப்பியர் 'என்ப' என்ற ஒரு சொல்லில் முன்னோர் அனைவரையும் மேற்கோள் காட்டி முடித்துவிட்டார். பெயர் இல்லை, ஆண்டு இல்லை, பக்கம் இல்லை. புள்ளி எங்கே வைப்பது என்ற கவலையும் இல்லை. உரையாசிரியர்கள் இதை மேலும் வளர்த்தார்கள். நச்சினார்க்கினியர் ஒரு செய்யுள் அடியை எடுத்துக்காட்டிவிட்டு, 'என்றார் பிறரும்' என்று நகர்ந்துவிடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல், எத்தனையாவது பாட்டு? சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரை ஊர் ஊராக அலையவிட்டவை இந்தக் கேள்விகள். உரையில் முகவரியில்லாமல் நின்ற அடிகளுக்கு வீடு தேடிப் போனபோதுதான் சங்க நூல்களின் ஏடுகள் அவர் கைக்கு வந்து பொருந்தின. நச்சினார்க்கினியர் மட்டும் ஏ.பி.ஏ. முறைப்படி எழுதியிருந்தால் ஐயர் வீட்டிலிருந்தபடியே தேடிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

அங்கே வீடு இருந்தது, விலாசம் இல்லை. இன்று நடப்பது நேர்மாறு. எல்செவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்குத் தந்த வழிகாட்டியில், பட்டியலை எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு மாதிரி இருந்தது. வான் டெர் கீர் முதலிய மூவர் எழுதிய, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு கட்டுரை; ஆண்டு 2000; தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அந்த இதழும் கிடையாது. ஆனால் 2017இல் தேடிப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. பலர் மாதிரிப் படிவத்தை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியிருந்தார்கள். மதிப்பாய்வாளர் பார்த்தார், இதழாசிரியர் பார்த்தார், மெய்ப்புத் திருத்துநர் பார்த்தார். காற்புள்ளி இருக்கும் இடத்தில் இருந்தது. போகலாம் என்று விட்டுவிட்டார்கள். எழுதப்படாத ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் 400 பேர்; நான் எழுதியதைக் காட்டியவர்கள் ஏழு பேர், அவர்களும் அப்பாவைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

சுவடிப் பதிப்பாசிரியருக்கு ஒரு வித்தை தெரியும். இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று. கலிபோர்னியாவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதே வித்தையைத் துணைநூற்பட்டியல்மீது ஏவினார்கள். ஏறத்தாழ 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். 196 இடங்களில் தொகுதி, ஆண்டு, பக்க எண்களில் ஏதோ ஒன்று பிழை. ஆனால் தனித்தனிப் பிழைகள் 45தான். ஒரே பிழை மட்டும் 78 முறை. எழுபத்தெட்டுப் பேரின் கையும் ஒரே மாதிரி தவறியிருக்க முடியாது. அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்று இருவரும் மதிப்பிட்டார்கள். அவர்களுடைய கட்டுரையையும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். படித்துவிட்டுத்தானா என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்போது பார்த்து எழுதும் உழைப்பும் தேவையில்லை. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார்கள். வழக்குப் பெயர், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் அடைப்புக்குறி தவறாமல் இருந்தன. தீர்ப்புகள்தாம் இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அவர் அந்த விலாசங்களில் வீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர். ஆய்விதழாக இருந்திருந்தால், தொகுதி எண்ணைச் சாய்வெழுத்தில் போடவும் என்று ஒரு கேள்வி வந்திருக்கும், அவ்வளவே. என் கருதுகோள் இத்துடன் நிறுவப்பட்டது.

பதினேழாம் கேள்விக்குக் கடைசியில் நான் எழுதிய பதில்: ஆண்டு தெரியவில்லை, 'தி.' என்பது இனிஷியல் இல்லை, பெயரின் முதல் பாதி. மறுநாளே மறுமொழி வந்தது. விளக்கத்துக்கு நன்றி, அப்படியானால் ஆண்டு இல்லை என்ற குறிப்பைச் சேர்த்துக்கொள்கிறோம், பெயரின் முதல் பாதியை எங்கள் பாணிப்படி சுருக்கியே எழுத வேண்டும். கட்டுரை அச்சாகிவிட்டது. பட்டியலில் 'வள்ளுவர், தி.' என்பதற்குப் பின் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக இருக்கின்றன. படம் 3 இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்ட நேர்ந்தால் ஒரு விண்ணப்பம். குடும்பப்பெயர் என்ற பெட்டியில் தயவுசெய்து என் பெயரைப் போடுங்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே நான்கு இருக்கிறது.